நாற்பத்திரண்டாவது வீடு

எங்கள் ஊரில் நாற்பத்தொரு வீடுகள். அந்த ஆவணி வெயிலில் நான் தேடித் திரிந்தது நாற்பத்திரண்டாவதை.

பகற்கனவுக்காரி என்று வீட்டில் எனக்குப் பெயர். அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. இரணைமடு வாய்க்கால் கரையால் ஸ்கூட்டியில் போகும்போது கண் பாதையில் இருக்கும், மனம் வேறெங்காவது இறங்கி நிற்கும். அப்படிப்பட்டவளிடம்தான் ஊரின் மாத வருமானத்தை எழுதிவரச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு படிவம். எல்லாவற்றையும் கூட்டி நாற்பத்தொன்றால் பிரித்தால் சராசரி. அது குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால், கோடை முடியும்வரை தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் லொறி இலவசமாக வரும். மேலே போனால் வராது. கோடையில் எங்கள் கிணறுகளில் உவர்த் தண்ணீர்தான். வாயில் வைக்க முடியாது.

நான் படிவங்களோடு இறங்கிய கிழமை கோயில் திருவிழா. வாய்க்கால் பக்கத்து வீட்டு அண்ணை வெளிநாட்டிலிருந்து வந்து, விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார்.

"என்னையும் எழுதுங்கோ பிள்ளை. நானும் இந்த ஊராள்தானே."

எழுதாமல் எப்படி எழும்பி வருவது? வீட்டில் இருக்கிற மனிதரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எங்கள் பக்கத்தில் அது பெரிய அவமரியாதை. அங்கத்தைய சம்பளத்தை ரூபாயாக்கி, கடைசிச் சதம்வரை எழுதினேன். தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன். திருவிழா முடிந்த கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். சம்பளம் மட்டும் எங்கள் ஊரில் தங்கிவிட்டது.

அந்த ஒரு வீட்டால் ஊரின் சராசரி எல்லையைத் தாண்டிவிட்டது. பவுசர் வரவில்லை.

எங்கள் ஒடுக்கமான மண் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருந்தாள். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. புருஷன் விடியமுன்னம் குளத்துக்கு மீன்பிடிக்கப் போய்விடுவான். சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டி, பெரிய வீதிக் குழாயிலிருந்து அவள்தான் தள்ளிக்கொண்டு வருவாள். ஒருநாள் நானும் கூடத் தள்ளிக்கொண்டே, சராசரி இவ்வளவாம் என்று தொகையைச் சொன்னேன். நின்றுவிட்டாள்.

"எங்கட ஊரில ஆரக்கா அவ்வளவு உழைக்கினம்? அந்த வீட்டை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ. அங்க போய்த் தண்ணி அள்ளுவம்."

அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து அந்த நாற்பத்திரண்டாவது வீடு என்னை விடவில்லை. மதிய வெயிலில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவேன். வேம்பு நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும் மண்பாதையில், அடுத்த வளைவில் அது இருக்கும் என்றே தோன்றும். இளநீல மதில், கூரைக்கு மேலே கறுத்த தண்ணீர்த் தாங்கி, குசினிக்குள் குழாய் திறக்கிற சத்தம். உள்ளே மனிதர்கள் நடமாடுவார்கள், ஆனால் எவருக்கும் முகம் இராது. வளைவு தாண்டினால் தகரப் படலையும் காய்ந்த பூவரசும்தான் நிற்கும். நாற்பது வீடுகள் அந்தத் தொகைக்குக் கீழே, ஒன்று மட்டும் மிக மேலே. சரியாக அந்தத் தொகையில் ஒருவருமே வாழவில்லை.

அண்ணையின் படிவத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கை வரவில்லை. "நானும் இந்த ஊராள்தானே" என்ற குரல் காதுக்குள் நின்றது. எழும்பு, போ என்று யுத்தத்தில் எங்களை மற்றவர்கள் விரட்டியது போதும். கடதாசியில்கூட நான் ஒருவரைக் கிளப்பமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த இடையம், வரிசையில் நட்டநடுவில் நிற்கும் எண், அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, படிவங்களைக் குறைந்த வருமானத்திலிருந்து கூடியதுவரை சீமெந்து நிலத்தில் வரிசையாக அடுக்கினேன். அண்ணை கடைசியில் போய் இருந்துகொண்டார். அவர் இன்னும் பத்து மடங்கு உழைத்தாலும் அங்கேயேதான் இருப்பார், நடுவில் இருப்பவர் அசையமாட்டார். ஒருவரையும் வெளியேற்றத் தேவையில்லாத கணக்கு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. நடுவிலிருந்த இருபத்தோராவதைக் குனிந்து எடுத்தேன். ஒழுங்கைப் பிள்ளையின் படிவம். எல்லைக்கு எவ்வளவோ கீழே.

சராசரிக்குப் பதில் இந்த நடு வீட்டின் தொகையைப் போடலாமா என்று கந்தோரில் கேட்டேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"படிவத்தில இதுக்கு இடமில்லை பிள்ளை."

"வீடு இருக்கு சேர். வாங்கோ, காட்டுறன்."

ஒழுங்கைப் பிள்ளையின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் வந்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறுகையால் கானைச் சரித்துச் சரித்து அடியில் கிடந்ததை ஊற்றினாள். முக்கால் கப்தான் வந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை. சுவரோடு நின்ற சைக்கிளைப் பார்த்தார். படிவத்தின் ஓரத்தில் நடு வீட்டின் தொகையை எழுதி, கையெழுத்து வைத்தார்.

அடுத்த கிழமை பவுசர் வந்தது. வாளிகளும் குடங்களுமாக ஊரே ஒழுங்கை முகப்பில் நின்றது. கானை நிரப்பிக்கொண்டே அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, அந்தச் சராசரி வீட்டுக்காரர் தண்ணிக்கு வரேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் பழக்கதோஷம், ஒழுங்கையின் கோடிவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.