அஸ்மத் பீவி கூப்பிட்ட ஆம்புலன்ஸ்

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் எங்கள் கட்டடத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் அஸ்மத் பீவியின் கை படாதவர்கள் குறைவு. கீழக்கரைக்காரர், மகனின் விசாவில் வந்தவர். ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து அம்மா வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். அப்போது ஓடி வருகிறவர் இவர்தான். தாய்க்கு வெந்நீர் ஊற்றுவார், பூண்டுக்குழம்பு வைப்பார், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். என் மகளையும் அவர்தான் குளிப்பாட்டினார்.

வீடு வீடாக ஏறி இறங்கி முட்டி வலி வந்துவிட்டது. அதனால் எங்கள் எதிர் பிளாட்டை எடுத்து மூன்று கட்டில் போட்டார். தாயும் பிள்ளையும் அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

“அக்கா, இதுக்கு லைசென்ஸ் வேணுமே?” என்று கேட்டேன்.

“நான் என்ன பிரசவமா பாக்குறேன் பத்மா? குளிப்பாட்டிச் சோறு போடுறேன். அவ்வளவுதானே?” என்று சிரித்தார்.

போன மார்ச்சில் ஒரு மதியம் அங்கிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். ரகுநாதன் என்கிற இன்ஜினியரின் மனைவி சம்யுக்தா, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே சாய்ந்து கிடந்தாள். ஐயோ, மெத்தை முழுக்க ரத்தம்!

“ஆம்புலன்ஸ் வேணாம்க்கா!” என்று மனைவியைப் பார்க்க வந்திருந்த ரகுநாதன் தடுத்தான். “இது என்ன இடம்னு கேப்பாங்க. எல்லாருக்கும் வம்பு. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“கார் வரைக்கும் இவ தாங்க மாட்டா தம்பி. என்னைய ஊருக்கு அனுப்புனா அனுப்பட்டும்.” அஸ்மத் பீவி போனை எடுத்துவிட்டார்.

சம்யுக்தா பிழைத்துக்கொண்டாள்.

மறுநாளே அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நர்ஸ் எங்கே, அவசரத்துக்கு என்ன ஏற்பாடு, அனுமதி எங்கே என்று கேட்டார்கள். அஸ்மத் பீவி எதையும் மறைக்கவில்லை. “அவங்க கேக்குறதுல தப்பில்ல பத்மா. அந்தப் புள்ள போயிருந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார்.

மனைவியின் துணிமணி எடுக்க வந்திருந்த ரகுநாதனையும் விசாரித்தார்கள். லைசென்ஸ் இருப்பதாகச் சொல்லித் தன்னை ஏமாற்றிவிட்டதாக, அஸ்மத் பீவியின் முகத்துக்கு நேராக, கூசாமல் சொன்னான் அவன். காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

“அடப்பாவி! உன் பொண்டாட்டி உயிரைக் காப்பாத்தினவங்கடா!” என்று கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அஸ்மத் பீவிதான் என் கையைப் பிடித்து இழுத்து, “விடு புள்ள, பயந்துபோயிருக்கான்” என்றார்.

பிளாட்டுக்கு சீல் வைத்தார்கள். விசா ரத்தானது. விமான நிலையத்துக்கு அவரை வழியனுப்பப் போனது நானும் அவர் மகனும் மட்டும்தான். அவர் குளிப்பாட்டிய பிள்ளைகளின் அம்மாக்கள் ஒருத்தியும் வரவில்லை.

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ரகுநாதன் என்னைத் தேடி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் டெலிவரி. பீவியக்கா மாதிரி வேற யாராவது வீட்டுல வச்சுப் பாத்துக்குறாங்களா? லைசென்ஸ் இல்லாட்டியும் பரவாயில்ல.”