என் மனைவி பிடிபடப் பழகியது

தஞ்சாவூர் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முட்டி லிகமென்ட் நல்லா சேந்துருச்சும்மா. ஓடலாம், குதிக்கலாம், கபடியும் ஆடலாம். இன்னமே பயம்தான் போகணும். அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல" என்றார். என் மனைவி தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், எங்கோ ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்ட பட்டதாரியைப் போல நிமிர்ந்தேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பூதலூர் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் மற்றவர்கள் விளையாட, அவர்களுடைய சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் ஒரு கடிகாரம்கூடத் தொலைந்தது கிடையாது.

அவள் பல்கலைக்கழக அணிக்குக் கபடி ஆடியவள். எதிரணி எல்லைக்குள் தனியாகப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவரும் ரெய்டர். கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் வட்டாரப் பெண்கள் அணியில் ஆடினாள். திருப்பனந்தாள் பக்கம் ஒரு போட்டியில், மூலையில் நின்ற ஒருத்தி அவள் கணுக்காலை வளைத்துப் பிடித்தாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஆபரேஷன், ஊன்றுகோல், பிசியோதெரபி எல்லாம் முடிந்து மறுபடி பயிற்சிக்குப் போனாள். நன்றாக ஓடினாள். ரெய்டுக்கும் போனாள். ஆனால் எதிரணியின் ஆழத்தில் போனஸ் கோடு என்று ஒன்று உண்டு. அதை நெருங்கும்போது, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தவள் மாதிரி திரும்பி வந்துவிடுவாள்.

அணியின் கேப்டன் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். என் மனைவிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தோழி. ஒரு நாள் அவள் தோளில் கை வைத்து, "காணும் பொங்கலுக்கு மேட்ச் இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சா ஆடு. முடியலன்னா பரவால்லப்பா, டீமுக்கு மேனேஜரா இரு. நான் வேற ரெய்டர் பாத்துக்குறேன்" என்று இதமாகச் சொன்னாராம்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கிண்டிய உப்புமாவில் உப்பே இல்லை. நான் சாப்பிட்டேன்.

"பேசாம விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள்.

"உப்புமாவையா?"

"கபடியைங்க."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவள் சிரிக்காதது புதிதல்ல. திட்டாதது புதிது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாளே இணையத்தில் விளையாட்டு வீரர்களுக்கான மனப்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எல்லாம் வீடியோ. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்து, முடிவில் என் பெயர் போட்ட சான்றிதழும் வாங்கிவிட்டேன். அதைக் கடையில் பூச்சிமருந்து லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் இரண்டையும் ஒரே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

"மனைவிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அணி முழுவதற்கும் கொடுக்கிறேன்" என்று கேப்டனிடம் அனுமதி கேட்டேன். "மழை வந்தா எப்படியும் சும்மாதான் உக்காந்திருப்போம், வாங்கண்ணே" என்றார். அனுமதி என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம். ரைஸ் மில்லை ஒட்டிய திடலில் பயிற்சி. மில்லின் தகரக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து, போனை ஒலிபெருக்கியோடு இணைத்துப் பாடத்தைப் போட்டேன். தேன் தடவிய மாதிரி ஒரு குரல் வந்தது. "கண்களை மூடுங்கள். உங்களைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்ற நெல்வயல். கால் நனையத் தண்ணீர் சலசலக்கிறது. உங்கள் மனதில் எந்தக் கவலையும் இல்லை..."

முதலில் கண்ணைத் திறந்தவள் இடது மூலையில் ஆடும் பெண்.

"அண்ணே, எங்க வயல்ல மூணு நாளா தண்ணி நிக்குதுண்ணே. வடிய வைக்கலன்னா பயிர் அழுகிடும். நான் கெளம்புறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தாள்.

"கற்பனைம்மா. கற்பனை வயல்."

"கற்பனையிலயும் நிக்குதுண்ணே!"

அடுத்தவள் வயலில் நெல் குருத்து வெங்காயத் தாள் மாதிரி நீண்டுவிட்டதாம். "அது ஆனைக்கொம்பன் ஈ" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அதோடு பாடம் படுத்துவிட்டது. எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு, மழை விட்டபிறகா முன்னாலா என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். தேன்குரல் அது பாட்டுக்கு ஆழ்ந்து மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் இழுக்கவில்லை. கூத்தாநல்லூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி மட்டும் ஆடாமல் அசையாமல் கண்ணை மூடியிருந்தாள். அவள் வீட்டில் துணிக்கடைதான், நிலம் கிடையாது. ஒரு மாணவியாவது தேறினாளே என்று பெருமையோடு பக்கத்தில் போனேன். குறட்டை கேட்டது.

வகுப்பை நடத்தியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியாது. எங்கள் ஊரில் வயலை நினைத்து நிம்மதியடைகிறவன், வயலை விற்றவனாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை பாடத்தை மாற்றினேன். அவரவருக்கு நிம்மதி தரும் இடத்தை அவரவரே நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். ஏசி போட்ட ஏடிஎம் அறை என்றாள் ஒருத்தி. தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் சீட், பக்கத்து சீட் காலி என்றாள் இன்னொருத்தி. என் மனைவியின் முறை வந்தபோது, ஏதோ எதிர்பார்ப்போடு தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அன்னிக்கு கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? மிக்சி நின்னுச்சு, டிவி நின்னுச்சு, நீங்களும் பேச்சை நிறுத்துனீங்க. அந்த அஞ்சு நிமிஷம்" என்றாள்.

தகரக் கொட்டகை அதிரும்படி சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த கூத்தாநல்லூர்ப் பெண்கூட எழுந்து, விவரம் கேட்டுச் சிரித்தாள்.

ஆனால் பயிற்சி முடிந்து பைக்கில் வரும்போது, அவளே பின்னாலிருந்து மெதுவாகப் பேச்சை எடுத்தாள். வகுப்பில் சொல்லியபடி, முழு ரெய்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாளாம்.

"நல்லாத்தாங்க போறேன். மூச்சு தாங்குது, காலு ஓடுது. கோட்டுகிட்ட போனதும் திரும்பிடுறேன்."

"திடல்ல பழக்கமாயிடுச்சு. மனசுல தாண்டிப் பாரு."

"மனசுலதாங்க சொல்றேன். அங்க யாரும் இல்ல, நான் மட்டும்தான். அப்பவும் திரும்பிடுறேன்."

என் சான்றிதழ் வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டினேன். நுரையும் ஆகாயத்தாமரையுமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"கோட்டைத் தாண்டுனா என்ன ஆகும்னு பயப்படுற?" என்று கேட்டேன். இத்தனை நாள் பயிற்சி கொடுத்தும், இதை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. நிம்மதியைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கைப்பிடிச் சுவரைச் சுரண்டினாள். "தாண்டுறதுக்குப் பயமில்லங்க. புடிச்சிட்டா? புடிச்சதுக்கு அப்பறம் என்ன பண்றதுன்னு காலுக்கு மறந்து போச்சு."

அப்படியென்றால் அவள் பழக வேண்டியது ஜெயிப்பதை அல்ல. பிடிபடுவதை.

பிசியோதெரபிஸ்டுக்குப் போன் போட்டோம். "நல்ல யோசனைதான். மெத்துமெத்துன்னு தரை இருக்கணும். மெதுவா ஆரம்பிச்சு, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். மொதல்ல பிடிக்கிறவங்க ரொம்ப பலசாலியா இருக்கக் கூடாது" என்றார். என் மனைவி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்து, "அதுக்கு ஆளு இருக்குங்க டாக்டர்" என்றாள்.

கொல்லையில் குறுவை வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். நான் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்து, அவள் கணுக்காலைப் பிடிப்பேன். முதலில் அவள் சும்மா நிற்பாள். பிடித்த கை ஒரு கைதான், அதற்குமேல் ஒன்றும் நடக்காது என்று கால் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் கால் நடுங்கியது என் உள்ளங்கையில் தெரிந்தது. நான் ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வைக்கோல் உள்ளே போய்விட்டது.

சில நாட்களில் நடுக்கம் நின்றது. பிறகு அவள் முட்டியை மடக்கி விழக் கற்றாள். பிறகு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தாள். எனக்கு முழங்கை தோல் உரிந்தது. மடக்கினால் எரிந்தது, கையை வாய்க்குக் கொண்டுபோவதே வித்தையாகிவிட்டது. அவளுக்கோ முகத்தில் களை வந்திருந்தது.

எங்கள் கொல்லைக்கு வேலி உயரம் குறைவு. ஒரு நாள் சாயங்காலம், அவள் "விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டே என்னை வைக்கோலில் தரதரவென்று இழுத்துப்போக, நான் "விட மாட்டேன், கொன்னாலும் விட மாட்டேன்" என்று காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அது பயிற்சி வசனம். வேலிக்கு வெளியே போன பால்காரருக்கு எப்படித் தெரியும்? சற்று நேரத்தில் வார்டு மெம்பர், பக்கத்துத் தெரு மாமா, கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர் என்று நாலைந்து பேர் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

மெம்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தம்பி, மொதல்ல எந்திரி. ஆம்பள இப்படி கால்ல விழுந்து கெடக்கக் கூடாது. அப்படி என்னதான் தப்பு பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கபடிப் பயிற்சி."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் ஒண்ணும் பண்ணலம்பாங்க" என்றார் மாமா. "ஏம்மா, நீ சொல்லு. குடியா?"

"இல்லைங்க மாமா. இவரு புடிக்கணும், நான் திமிறணும்."

"அது எல்லாக் குடும்பத்துலயும் உள்ளதுதாம்மா" என்றார் கூட்டுறவுப் பெரியவர், மிகுந்த பரிவோடு.

கடைசியில் நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. மெம்பரைப் பிடிக்கச் சொன்னோம். அவர் இளவயதில் ஊருக்காகக் கபடி ஆடியவராம், அது எங்களுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலைக் கவ்வினார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் இடுப்பைத் தாழ்த்தி, பிடித்த காலோடு தானும் உருண்டு, வைக்கோலில் மல்லாந்து விழுந்து, உடனே எழுந்து நின்றாள். எழுந்தபிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. மெம்பர் இன்னும் தரையில் கிடந்தார். "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று நான் ஓட, "மொதல்ல என் இடுப்பைப் பாருய்யா" என்றார் அவர்.

அதன்பிறகு என்னிடமிருந்து அவளைக் கேப்டன் எடுத்துக்கொண்டார். திடலில் வைக்கோல் போட்டும், பிறகு வைக்கோல் இல்லாமலும் அணியில் ஆளாளுக்குப் பிடித்தார்கள். எனக்கு மருந்து யோசனை சொல்லும் வேலை மட்டும் மிஞ்சியது.

காணும் பொங்கலன்று பக்கத்து ஊர்த் திடலில் போட்டி. கரும்புத்தோகை, மைக்செட், ஐஸ் வண்டி என்று சுற்றிலும் கூட்டம். என் மனைவி முதலில் இரண்டு ரெய்டு போனாள். இரண்டிலும் ஓரமாகப் போய் ஓரமாகத் திரும்பினாள். மூன்றாவது ரெய்டில் நேராக உள்ளே போனாள். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள். வைத்த அதே கணத்தில் மூலையில் நின்ற பெண் அந்தக் காலிலேயே பாய்ந்தாள். இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். புழுதி எழுந்தது. எங்கள் அணி பெஞ்சில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

புழுதிக்குள்ளிருந்து அவள் கடைசியாக எழுந்தாள். இரண்டு காலிலும் நின்றாள். முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டினாள். பல் தெரியச் சிரித்தாள்.

நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். பக்கத்தில் எதிரூர்க்காரர் ஒருவர் கரும்பு கடிப்பதை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"பூதலூர் பக்கம்."

"உங்க ஆளைத்தாண்ணே புடிச்சிருக்கோம்."

"ஆமாங்க! என்னா அருமையா புடிச்சாங்க பாத்தீங்களா? நாலு பேரு!"

அவர் கரும்போடு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்.

பிடிபட்டதால் வெளியே உட்கார்ந்திருந்தவள் கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே வந்தாள். அதன்பிறகு அவள் ஓரமாகப் போகவே இல்லை. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள், இன்னொரு தடவை பிடிபட்டாள், மறுபடி போனாள். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். சொற்ப வித்தியாசம்தான், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் நேராக அவளிடம் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் நோயாளியிடம் பேசுவது போலத்தான் பேசுவார். அன்று அப்படி இல்லை.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? அந்த மூலைக்காரி காலைத்தான் பாத்துகிட்டு நிக்கிறா, அவகிட்டயே ரெண்டாவது தடவையும் போயி விழுவுறே! நாளைக்குக் காலையில சீக்கிரம் வா, ஒன்னைய ஓடவிட்டே கொல்றேன்" என்று திடலே கேட்கும்படி கத்தினார்.

நான் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளன் என்ற முறையில் குறுக்கே போனேன். "தோத்த நேரத்துல விளையாட்டு வீரர்கிட்ட இப்படிப் பேசக் கூடாதுங்க டீச்சர். மனசு..."

என் மனைவி என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். காய்ந்துவந்த இடம், சுரீரென்றது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள், கேப்டன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ நல்லாத் திட்டட்டும்."