கரண்டி இருப்பது குதிரை வீரனிடம்

டிப்போ கேட்டை வண்டியின் மூக்கு தாண்டியதுமே அத்தை "ஷோசூர்" என்பாள். யாரிடமும் சொல்வதில்லை. கண்ணாடியைத் துடைப்பது, சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. ஷோசூர் என்றால் பிரெஞ்சில் செருப்பு, ஷூ, காலில் மாட்டுகிற எதுவும். அடுத்து மணிக்கூண்டு வரும். அங்கே "ஓர்லோஜ்", கடிகாரம். இரண்டு கல் சிங்கங்கள் கொட்டாவி விடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் சதுக்கத்தில் வண்டி திரும்பும்போது "கோஷ்", இடது பக்கம். ரவுண்டானாவில் குறுக்கே பாயும் டாக்சிக்காரனுக்கு "பார்தோன்". மன்னிக்கவும் என்று அர்த்தம். அத்தை அதைச் சொல்கிற தொனியில் அந்த ஆள் பிரெஞ்சு படித்திருந்தாலும் வேறு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வான்.

ஊர் சுற்றிக் காட்டுகிற மாடி பஸ் அவளுடையது. மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. வெயில், காற்று, கோபுரம், பாலம், புகைப்படம் எல்லாம் மேலே. கீழே முன்பக்கக் கூண்டில் அத்தை, கூட ஒரு தண்ணீர் பாட்டில். தலைக்கு மேல் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதில் மாடிப்படி தெரியும். மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களின் கால் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. இத்தனை வருஷத்தில் உலகத்தில் உள்ள எல்லா நாட்டு மனிதர்களையும் அத்தை முழங்காலுக்குக் கீழே அறிவாள். அவள் கற்ற முதல் வார்த்தை செருப்பாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

அத்தை என்பது அவள் பேரில்லை. டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற அண்ணன் மகன் சேர்ந்த அன்றைக்கே எல்லார் முன்னாலும் "அத்தை, சாப்பாட்டை மறந்துட்டீங்க" என்று கத்தித் தொலைத்தான். அன்றோடு முடிந்தது அவள் பேர். துடைப்பவர், டிக்கெட் கிழிப்பவர், எல்லாருக்கும் அத்தை. அவளைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட சிரிக்காமல் "அத்தை, ரெண்டாவது டிரிப் லேட்" என்பார். ஒரு முழு நிறுவனத்தையே அண்ணன் மகன்களாகச் சம்பாதித்தவள் அவள் ஒருத்திதான்.

வண்டி ஓட்டும்போது கியருக்குப் போகிற நேரம் தவிர இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்டுவாள். போன் அடித்தால் அடிக்கட்டும். ஒரு தடவை மாமா, அதாவது அவள் புருஷன், சதுக்கத்தில் நின்று பெரிதாகக் கையசைத்தார். அத்தை தாடையை மட்டும் அசைத்தாள். "பஸ்ஸுல ஏறிட்டா நான் யாரோ" என்று மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். அவர் சோபாவுக்கு உறை தைக்கிறவர். கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு எப்படி வந்தது என்றால், சிரிப்பால் வந்தது.

அருங்காட்சியகத்து மதிலைத் தாண்டி ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கிளையை நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி அதன் அடியில் போகும்போதெல்லாம் மேலே வழிகாட்டிப் பையன் என்னவோ சொல்வான். பஸ்ஸில் அவனுக்குப் பேர் மைக். கழுத்துக்கும் கைக்கும் நடுவே எப்போதும் அது இருக்கும், தூங்கும்போதும் இருக்கும் என்பது மெக்கானிக்கின் கருத்து. மைக் சொன்னதும் ஒரு கணம் மேல்தளமே செத்த மாதிரி அமைதியாகும். அப்புறம் கொல்லென்று ஒரு சிரிப்பு. எந்த நாட்டுக் கூட்டமானாலும் அந்த இடத்தில் அதே அமைதி, அதே சிரிப்பு. பிரெஞ்சுக் கூட்டம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பல வருஷம் தலைக்கு மேல் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது லேசான விஷயம் இல்லை. அடுத்த வீட்டில் விருந்து, நமக்கு வாசனை மட்டும் வருகிற மாதிரி. ஒரு நாள் மைக்கைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

"அத்தான்ஸியோன் ஆ லா தெத். தலை பத்திரம்னு அர்த்தம், அத்தை."

"தலை பத்திரம்னா எதுக்குடா சிரிக்கிறாங்க?"

"அதை மேல வந்து பார்த்தாத்தான் தெரியும்."

அத்தை விடவில்லை. லீவு நாளில் பயணியாக மேலே ஏறினாள். மரம் வந்தது. மைக் சொன்னான். எல்லாரும் குனிந்தார்கள், அத்தையும் குனிந்தாள். குனிந்தவளுக்கு எதிர் சீட்டுக்காரரின் முழங்கால்தான் தெரிந்தது. மறுபடியும் கால். நிமிர்ந்தபோது சிரிப்பு பாதி முடிந்திருந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிற அந்தக் காட்சி, முன்னால் நின்று எல்லாரையும் பார்த்தபடி பேசுகிறவனுக்குத்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் மைக்கைக் கையில் பிடிக்க வேண்டும். பிரெஞ்சுக் கூட்டத்துக்கு மைக் பிடிக்க பிரெஞ்சு வேண்டும்.

அன்று டிப்போவுக்குத் திரும்பி வந்து அந்த அத்தான்ஸியோன் வாக்கியத்தை மெக்கானிக்கிடம் சொன்னாள். அவன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "யாரு அத்தை அந்த அத்தான்? மாமாவுக்குத் தெரியுமா?" என்றான். ஸ்பேனரை அவன் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனாள்.

அவள் படித்த விதத்தைப் பார்த்தால் வாத்தியார்கள் வேலையை ராஜினாமா செய்வார்கள். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. பயணிகள் இறங்கும்போது கூண்டுக் கதவுப் பக்கமாகத்தான் இறங்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் என்று தெரிந்தால் அத்தை ஏதாவது ஒன்றைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவாள். அவர்கள் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே அடுத்த சுற்று போவாள். எந்த இடத்தில் அது நாக்கில் சரியாக விழுகிறதோ அங்கேயே மாட்டிவிடுவாள். கோபுரத்து வாசலில் "ஷப்போ", தொப்பி. நீரூற்றில் "ஸாவோன்", சோப்பு. பாலத்தின் நடுவில் "பராப்ளுயி", குடை. காற்றில் ஒரு பாட்டியம்மாளின் குடை, பாவாடை மாதிரி விரிந்துகொண்ட இடம் அது. குதிரை வீரன் சிலையருகே ஒரு குழந்தையின் ஐஸ்கிரீம் கரண்டி மாடியிலிருந்து முன் கண்ணாடியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் குழந்தை இறங்கும் வரை "குய்யேர், குய்யேர்" என்று அழுதது. அன்றிலிருந்து கரண்டி குதிரை வீரனிடம் இருக்கிறது.

இதில் ஒரே ஒரு கோளாறு. இடம் வந்தால்தான் வார்த்தை வரும். வீட்டில் சூப் குடிக்க உட்கார்ந்து மாமா கரண்டியைத் தூக்கிக் காட்டினால் அத்தை கூரையைப் பார்ப்பாள்.

"தெரியும். ஆனா அதுக்குக் குதிரை வீரன்கிட்ட போகணும்."

"நீ போய்ட்டு வா. அதுக்குள்ள சூப் ஆறிடும், நான் அப்படியே தூக்கிக் குடிச்சுக்கறேன்."

நடுவில் பாலத்தை மராமத்துக்கு மூடி வண்டிகளைச் சுற்றுவழியில் விட்டார்கள். பாலத்தில் மாட்டியிருந்த குடை, காற்று, மெதுவாக, சீக்கிரம், படகு எல்லாம் போச்சு. அந்த நாட்களில் அத்தை நகை தொலைத்தவள் மாதிரி திரிந்தாள். திறந்த அன்று முதல் டிரிப்பை அவளே கேட்டு வாங்கினாள். பாலத்தில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தன. "ஒண்ணைக்கூட காக்கா தூக்கல" என்று மெக்கானிக்கிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் எடுத்த எந்த மூஞ்சியிலும் அவ்வளவு பிரகாசம் இருந்ததில்லை.

அப்புறம்தான் மைக்குக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. பிரெஞ்சுக் கூட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், நம்மிடமே யாராவது இருந்தால் வாய்த்தேர்வு வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் அறிவிப்பு ஒட்டினார். பசை காய்வதற்குள் அத்தை அவர் அறைக்குள் நின்றாள். தேர்வை வண்டியில் வைக்க முடியுமா என்பது அவளது முதல் கேள்வி. முடியாது. வெளியிலிருந்து ஒரு பிரெஞ்சு டீச்சரம்மா வருகிறார், அவருக்கு மூட்டுவலி, படியேற மாட்டார். தேர்வு இந்த அறையில்தான். ஒரு வாய்ப்புதான், கிடைக்காவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவோம்.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

மாமா உடனே வீட்டை ஊராக மாற்றினார். பீரோ மணிக்கூண்டு. செருப்பு அலமாரி குதிரை வீரன். இரண்டு சோபாத் திண்டுகள் கல் சிங்கங்கள். ஒன்றுக்கு வாய்கூடத் தைத்தார். அத்தை ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றாள். "பீரோவைப் பார்த்தா பீரோதாங்க தெரியுது" என்றாள். மாமா சிங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அத்தை சோர்ந்துபோகிற ரகம் இல்லை. பயம் வந்தால் அவளுக்குப் பசி வரும், பசி வந்தால் உற்சாகம் வரும். தேர்வன்று காலை இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, துவைத்து மடித்த யூனிபாரத்தில், கல்யாணப் பெண்ணை அழைத்துப்போகிற வேகத்தில் தன்னைத்தானே டிப்போவுக்கு அழைத்துப்போனாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா, கூட மேனேஜர். இந்தப் பக்கம் ஒரு சக்கர நாற்காலி, ஆபீஸ்களில் சுழலுமே, அது. சுற்றிலும் பைல். டீச்சரம்மா வணக்கம் சொல்லி ஒரு படத்தைக் காட்டினார். குடை. அத்தை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொப்பி. ஒன்றும் வரவில்லை. மூன்றாவது படம் கரண்டி. அதைப் பார்த்ததும் அத்தைக்குச் சிரிப்பு வந்தது, வார்த்தை வரவில்லை. மேனேஜர் இருமினார். நம்ம அத்தை கெட்டிக்காரிதான், படபடப்பு, என்று டீச்சரம்மாவிடம் மெல்லச் சமாதானம் சொன்னார்.

"படபடப்பு இல்ல சார்" என்றாள் அத்தை. "மேடம், எல்லாம் இருக்கு. ஆனா இங்க இல்ல."

"எங்கே இருக்கு?"

"குடை பாலத்துல இருக்கு."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பல வருஷம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவர். இது புதுசு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சரி" என்றார். "பாலத்துக்குப் போங்க."

அத்தை மேஜையைப் பார்த்தாள். அங்கே டீ வந்த வட்டத் தட்டு. டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே சாய்த்தாள். மேனேஜர் என்ன பண்றீங்க அத்தை என்று கேட்பதற்குள், "வண்டி எடுக்கறேன் சார்" என்று பதில் வந்துவிட்டது. காலால் தரையை உந்தினாள். நாற்காலி அரையடி நகர்ந்தது.

"ஷோசூர்."

டிப்போ கேட் தாண்டியாயிற்று. மணிக்கூண்டில் "ஓர்லோஜ்". சதுக்கத்தில் தட்டு திரும்பியது, நாற்காலியும் திரும்பியது, "கோஷ்" வந்தது. இதோ சிங்கங்கள் என்று மைக் தலைக்கு மேலிருந்து கத்தி வந்த "வொலா லே லியோன்" முழுசாக வந்தது, அது தன்னிடம் இருப்பதே அத்தைக்கு அதுவரை தெரியாது. ரவுண்டானாவில் "பார்தோன்" என்று சொன்ன சொல்லில் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குதிரை வீரன் கரண்டியைத் தந்தான். கோபுரம் தொப்பியைத் தந்தது. பாலத்தில் ஏறும்போது நாற்காலி கிறீச்சிட்டது. குடை வந்தது, காற்று வந்தது, படகு வந்தது. டீச்சரம்மா ஒவ்வொரு படமாகத் தேடி எடுத்து, அத்தை சொல்லச் சொல்ல மேஜையில் வைத்துக்கொண்டே போனார். பிறகு படங்களை விட்டுவிட்டு, பயணி மாதிரி கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். தனக்கு வலது பக்கம் என்ன இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டார். அருங்காட்சியகம், படிகள், வெள்ளை ஜன்னல்கள் என்று அத்தை பிரெஞ்சில் சொன்னாள். டீச்சரம்மா வலது பக்கம் திரும்பி பைல் அலமாரியைப் பார்த்தார்.

மதில் முடிந்தது. அத்தை வேகத்தைக் குறைத்தாள்.

"அத்தான்ஸியோன்" என்றாள், "ஆ லா தெத்."

டீச்சரம்மா குனிந்தார். பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாத மேனேஜரும், டம்ளர்களுக்கு நடுவே, குனிந்தார். ஒரு கணம் அறையே செத்த மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார், டீச்சரம்மா மேனேஜரைப் பார்த்தார், இரண்டு முகமும் ஒரே சமயத்தில் உடைந்து, சிரிப்பு கொல்லென்று வந்தது.

அத்தையின் கண் பழக்கத்தில் மேலே வட்டக் கண்ணாடியைத் தேடிப் போயிற்று. அங்கே கண்ணாடி இல்லை. கண் கீழே இறங்கி, எதிரே, அந்த இரண்டு முகங்களில் வந்து நின்றது. வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலது கை தட்டைப் பிடித்திருக்க, இடது கை மெதுவாக ஸ்டியரிங்கை விட்டது. மைக்கைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கி, அந்தக் கையை வாய்க்குக் கீழே கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.