அக்காவின் ஞாபகம்

மஞ்சள் பெயிண்ட் பேனாவை எங்கே பார்த்தாலும் எனக்கு எங்கள் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த அக்காவின் முகம் வந்துவிடும். இன்று நானே ஒரு சூப்பர்வைசர். அப்போது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண். ஒரு சீட்டுக்கு நாலு போல்ட். ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகு, அதற்கு அடையாளமாக அதன் தலையில் அந்தப் பேனாவால் மஞ்சள் கோடு போட வேண்டும். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நாலிலும் முதலிலேயே கோடு போட்டுவிட்டு, அப்புறம் கடகடவென்று இறுக்குவோம். சீட்டுக்கு நாலைந்து விநாடி மிச்சம். பெரிய கெட்டிக்காரிகள் என்று நினைப்பு வேறு.

அக்கா மட்டும் அப்படிச் செய்யமாட்டார். சுங்குவார்சத்திரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருந்தது. சில வாரம் தூக்கமில்லாமல் ஓயாத பேச்சும் ஓட்டமும். பிறகு பல மாதம் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. மாத்திரையில் இரண்டும் அடங்கின. ஆனால் கவனமும் ஞாபகமும் பழையபடி திரும்பவில்லை. செய்து கொண்டிருக்கும்போதே எதுவரை முடித்தோம் என்று தெரியாமல் நிற்பார். பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

மாத்திரையோடு கூட, வாராவாரம் ஆஸ்பத்திரியில் மூளைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது, ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லியபடி செய்வது. சில மாதம் கழித்து மீண்டும் லைனுக்கு வந்தார். ஒரு தப்பு வந்தாலும் திரும்பப் பேக்கிங்தான் என்று நிபந்தனை. "வெச்சாச்சு, இறுக்கியாச்சு, கோடு போட்டாச்சு" என்று முணுமுணுத்தபடியே வேலை செய்வார். மந்திரம் ஓதுகிறார் என்று கேலி செய்வோம். "ஓதிக்கினே இருக்கேன்டி, உனக்கு இன்னா போச்சு?" என்று சிரிப்பார்.

ஒரு மதியம், கோடு போட்டும் இறுக்காத போல்ட் ஒன்று பிடிபட்டது. அக்கா நிற்கும் இடத்தில் முடிந்த சீட். சூப்பர்வைசர் கத்தினார்.

"சொல்லிச் சொல்லித்தான் சார் இறுக்கினேன். அப்பிடித்தான் ஞாபகம் கீது."

"உங்க ஞாபகத்த நம்பி நான் லைன் ஓட்ட முடியுமாம்மா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் வுட்டுட்டிருப்பேன் சார்."

சீட்டில் ஒட்டியிருந்த லேபிளில், அதை முடித்த நேரத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடம் அங்கே நின்றது நான். சூப்பர்வைசரிடம் சொல்லாமல் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்பது எங்களுக்குள் வழக்கம். வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். திறக்கவில்லை. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவை மறுபடி பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் அவர் பயிற்சிக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? அத்தினி பண்ணியும் மண்டைல ஒண்ணும் நிக்கலியே. இனிமே என்னை நானே எப்பிடி நம்புறது?" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பி, அக்காவை லைனுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். அக்காவிடம் வந்து, "அந்த போல்ட்ட விட்டது நாந்தான்க்கா" என்றேன்.

அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு இருந்த ஞாபகம் கரெக்ட்தானேடி?"

"ஆமாக்கா."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.