இருபது அடி தாங்கும் கேடயம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவருக்கு ஆபீசில் வைத்த பெயர் சேனாபதி. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பிரிவைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க சார், ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று தேனொழுகச் சொல்லி போனை வைப்பார். அடுத்த நொடி, கோடரியின் எடை பற்றிய வீடியோவை விட்ட இடத்திலிருந்து பார்ப்பார். மற்றபடி பரம சாது. வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலிமேல் ஏறுகிறவர் அவர், அடிக்கிறவள் மனைவி.

இப்பேர்ப்பட்டவர்தான் ஒரு மாயநிலத்தில் நடக்கும் மகாயுத்தத்தை நாவலாக எழுதிக்கொண்டிருந்தார். ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதே நியாயம். வாளின் நடுவில் பள்ளம் எதற்கு, சங்கிலிக் கவசத்துக்குள் வியர்த்தால் என்ன கதி, குதிரைமேல் இருப்பவனை ஈட்டியால் எங்கே குத்த வேண்டும், எல்லாம் அத்துப்படி. கதாநாயகன் எதற்காகச் சண்டை போடுகிறான் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

படித்துப் பார்த்த பதிப்பகத்து அம்மா பட்டென்று சொல்லிவிட்டார். "எல்லாம் இருக்கு சார், சண்டையிலதான் உயிரே இல்லை. கோட்டை வாசல் அத்தியாயத்தை மாத்தி திங்கட்கிழமைக்குள்ள கொடுங்க. சரியா வந்தா போடலாம். இல்லேன்னா மன்னிச்சிடுங்க."

உயிர் இல்லையா? சேனாபதி அன்றே கோட்டை வாசலில் கூடுதலாக முப்பது பேரைக் கொன்றார். படித்தால் அவருக்கே சப்பென்றிருந்தது. வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது இந்த ஒரு புத்தகத்துக்குத்தான். அதுவும் கைநழுவப் போகிறது. கடைசியில், கேடயம் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்காததுதான் குறை என்று முடிவுகட்டினார்.

'கேடயங்கள் கிடைக்கும்' என்று பலகை மாட்டிய கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது.

"கேடயம் ஒண்ணு வேணும். எத்தனை அடிக்குத் தாங்கும்?"

"ரெண்டு அடிக்கு மேல செய்யறதில்லை சார்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டே அடியா? குறைஞ்சது இருபது அடியாவது வேணுமே."

கடைக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இருபது அடியை மேடையில யார் சார் தூக்கிக் கொடுப்பாங்க?"

"யாரும் கொடுக்க வேண்டாம். அவனவன் கேடயம் அவனவன் கையில இருக்கும்."

"ஓ, ஜெயிச்சவங்க எல்லாருக்குமா?"

"தோக்கப்போறவனுக்குத்தாங்க முக்கியமா வேணும்."

"உங்க மனசு யாருக்கு சார் வரும்," என்று நெகிழ்ந்துபோய், ஆறுதல் பரிசுக் கேடயம் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார். அது பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் கொடுக்கிற சமாசாரம் என்பது அப்போதுதான் சேனாபதிக்கு உறைத்தது. இத்தனை பேசிவிட்டு வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதன் முதுகில் பழைய பெல்ட்டைக் கட்டிக் கையில் மாட்டிக்கொண்டார். மனைவியிடம் மாப்புக் கட்டையைக் கொடுத்து, "ஓங்கி அடி. ஆராய்ச்சி. தயங்காதே," என்றார். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் ஈட்டிப் புராணம் கேட்டவள் தயங்கவில்லை.

கேடயத்தின் பலகை இரண்டாகப் பிளந்தது. விரல் முட்டியில் விழுந்த அடியில் "அம்மா" என்று தரையில் உட்கார்ந்தார் சேனாபதி. கட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்த மனைவி அவர் விரல்களைப் பிடித்து ஊதினாள். "ரொம்ப வலிக்குதாங்க? நான் ஒரு மடச்சி, இப்படியா ஓங்குவேன்." கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். அடிபட்டவரைவிட அடித்தவள்தான் அதிகம் அழுதாள். சேனாபதி தன் வலியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லித்தரவில்லை.

மறுநாள் கோட்டை வாசலில் செத்துக் கிடந்த முப்பது பேரையும் அப்புறப்படுத்தினார். வீங்காத கையால் தட்டித் தட்டி, இரண்டு பேரை மட்டும் வைத்து எழுதினார். ஒருவன் விழுந்து கிடந்தான். வெட்டியவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டு, காயத்தைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதிப்பகத்துக்கு அனுப்புமுன் மனைவியிடம் நீட்டினார். அவள் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தப் பையன் பிழைச்சிடுவானா?"

சேனாபதிக்குத் தெரியவில்லை. இதுவரை இந்த நாவலில் யார் பிழைத்தால் என்ன, செத்தால் என்ன என்று இருந்தவருக்கு, அவன் பிழைத்துவிட வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.