ஏழாவது கம்பியும் என் கட்டைவிரலும்

"டீச்சருக்கு இனிமே தரையில உக்காந்து செய்யற வேலை ஏதாவது பாக்கி இருக்கா?"

போன வருடம் மூட்டு டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

வீணை இருக்கிறது என்றேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இனி சம்மணம் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் பள்ளியில் பௌதிகம் எடுத்தவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் வீணை வாசித்தால்தான் வகுப்பின் சத்தம் காதிலிருந்து இறங்கும். ரிட்டயர் ஆனபிறகு வகுப்பு போனது, வீணை இருந்தது. இப்போது அதுவும் போனால் சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீணையைக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன், உருண்டது. ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன், தோள் வலித்தது.

நவராத்திரிக்கு அதைக் கொலுப்படி ஓரமாக வைத்துப் பூ போட்டபோது என் கணவர் கேட்டார்: "செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல உனக்கும் ஒரு எடம் போட்டுடட்டுமா?"

(அன்று அவருக்குச் சுண்டல் கொஞ்சம் குறைந்தது.)

வழி சொன்னவள் மகள் சுதா.

"அம்மா, எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக்கோயேன். நாற்காலில உக்காந்துண்டே வாசிக்கலாம். ஆம்ப்ளிஃபயர்ல போட்டா சத்தம் வீணையாட்டமா நின்னு கேக்கும்."

சிரித்தேன். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு இருவரும் கிளம்பிவிட்டோம்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடியில் ஒரு கடை. கடைக்காரர் ஸ்டான்லிக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். நுழைந்ததுமே சுதா நான் டீச்சர் என்று சொல்லிவிட்டாள். சுவர் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகக் கிட்டார்கள். ஒன்றில் மட்டும் ஏழு கம்பி.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வீணைக்கு ஏழு கம்பி. பாட்டுக்கு நாலு, தாளத்துக்கு ஓரத்தில் மூன்று. இதற்கும் ஏழு என்றால் நம் ஆள்தான்.

"அதக் குடுங்கோ" என்றேன்.

"டீச்சரே, அது மெட்டல்னு காது கிழிய வாசிக்கிற பயலுவளுக்கு உள்ளதாக்கும். புதுசா படிக்கணும்னா ஆறு கம்பி போரும்."

"நான் புதுசு இல்ல. அம்பது வருஷமா ஏழு கம்பிலதான் வாசிக்கறேன்."

அவர் சுதாவைப் பார்த்தார். சுதா கூரையைப் பார்த்தாள்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் முதலில் கற்ற கீதத்தை ஆரம்பித்தேன். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டை மீட்டும். சுண்டுவிரல் ஓரத்துக் கம்பிகளைச் சுண்டித் தாளம் காட்டும். இங்கேயும் என் சுண்டுவிரல் பழக்கத்தில் தாளத்துக்குப் போனது. அங்கே கம்பி இல்லை. காற்றைச் சுண்டிவிட்டுத் திரும்பி வந்தது.

"வெரலு எங்க டீச்சரே போவுது?"

"தாளக் கம்பி எங்க?"

"என்ன கம்பி?"

ஏழாவது கம்பி எதிர்ப்பக்கத்தில், என் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. இருப்பதிலேயே தடி அதுதான். தட்டினேன். கடைக்குள் ஒரு லாரி ஸ்டார்ட் ஆனது. பாட்டுக்கும் அதற்கும் சுருதியும் சேரவில்லை.

"வேண்டாத கம்பிய உள்ளங்கைய வச்சு அமத்தணும் டீச்சரே. இல்லேன்னா அது பாட்டுக்கு முழங்கிட்டே கெடக்கும்."

அமர்த்துவதா? வீணைக்காரிக்குத் திறந்த கம்பி ஒலித்தால்தான் கச்சேரி. அதை அடக்கு என்றால் என் கை கேட்பதாக இல்லை. கிட்டாரின் கழுத்து வேறு அகலம். கமகத்துக்குக் கம்பியை இழுப்பதற்குள் மணிக்கட்டு கெஞ்சியது. பஸ்ஸில் கடைசி சீட்டில் ஆறு பேர் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, ஏழாவதாக ஒருவர் இடித்துக்கொண்டு ஏறி உரக்கப் பாடினால் எப்படி? அப்படி இருந்தது.

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"போலாம் சுதா. நமக்கு இதெல்லாம் சரிப்படாது."

"ஆறு கம்பியத் தொட்டுக்கூடப் பாக்கலையேம்மா. ஒரு எக்ஸ்பெரிமெண்ட் மட்டும் பண்ணிட்டு உன் ஸ்டூடண்ட் ரெண்டுக்கும் ரிசல்ட் எழுதினா நீ மார்க் போடுவியா?"

போடமாட்டேன். மறுபடி உட்கார்ந்தேன்.

ஆறு கம்பிக் கிட்டாரின் கழுத்து என் கைக்குள் அடங்கியது. கம்பியை இழுத்தேன், கமகம் வந்தது. ஆனால் தாளம்? சுண்டுவிரல் மறுபடியும் காற்றில்.

சுதா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உன் கட்டைவெரல் சும்மாத்தானே தொங்கறது?"

உண்மைதான். வீணையில் வலது கட்டைவிரலுக்கு மீட்டுகிற வேலை கிடையாது. விளிம்பில் சாய்ந்து ஓய்வெடுக்கும். இங்கே அது ஆறாவது கம்பிக்கு நேர் மேலே நின்றிருந்தது.

"ஸ்டான்லி, அந்தத் தடிக் கம்பியக் கொஞ்சம் தளத்துங்கோ. இன்னும் கொஞ்சம். ம், போறும்."

அது கீழ் 'ச' ஆனது. அடுத்த கம்பி 'ப'. அதற்கடுத்தது மேல் 'ச'. எதையும் அமர்த்த வேண்டாம். திறந்து கிடந்தாலும் மூன்றும் சுருதியோடுதான் இருக்கும்.

கட்டைவிரல் தாளத்தை எடுத்துக்கொண்டது. கீதம் தடுமாறியது, நின்றது, மறுபடி கிளம்பியது, கடைசி வரி வரை வந்து சேர்ந்தது. ஒரு வருடம் கழித்து நான் முழுதாக வாசித்த முதல் பாட்டு.

"இது என்ன பாட்டு டீச்சரே?"

"ஒண்ணாம் பாடம்."

"அப்பம் ரெண்டாம் பாடத்தையும் வாசிச்சிட்டுப் போங்க. கடை அடைக்க நேரம் கெடக்கு."

வாசித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் கணவர் பெட்டியைத் திறந்து எண்ணினார். "ஆறா? ஒண்ணு கொறையறதே."

"கம்பி ஒண்ணு கொறைச்சல். வெரல் ஒண்ணு கூட" என்றேன்.

இந்தக் கிட்டார் கம்யூனிட்டியில் 'ஆறு கம்பியா, ஏழு கம்பியா' என்று கேட்டிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கடையில் கண்ணை மூடிக்கொண்டு, உங்களுக்கு மிகவும் பழகிய பாட்டை ஏழு கம்பியில் முழுதாக வாசியுங்கள். உங்கள் கை ஒரு தடவையாவது அந்த ஏழாவது கம்பியைத் தேடிப் போகிறதா என்று பாருங்கள்.