ஆளில்லாத ஸ்டாப்பிங்

கோமுகி ஆற்றோரம் போகும் கப்பி ரோட்டில் மகனோடு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். டயருக்கடியில் ஜல்லி நொறுநொறுத்ததும் அப்பாவின் வியர்த்த முதுகு கண்முன் வந்துவிட்டது.

அப்பா பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் வண்டி ஓட்டினார். இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. "வா பாப்பா, அணையைக் காட்டுறேன்" என்று என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கிளம்பினார். மரம் குறுக்கே கிடந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். ஆனால் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நின்றார்.

"யாருமே இல்லியேப்பா. இன்னாத்துக்கு நிக்கிற?"

"மலையிலேர்ந்து எறங்கி வர்றவங்களுக்கு பஸ் ஓடலன்னு யாரு சொல்லுவா?"

கடைசி ஸ்டாப்பிங் புளியமரத்தடியில் ஒரு அம்மா கடுக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்தது.

"பஸ்ஸு எப்ப சாமி வரும்? நேத்திலேர்ந்து காத்துக்கினு கெடக்கறேன்."

அப்பா என்னை இறக்கிவிட்டு மூட்டையைக் கேரியரில் கட்டினார். சைக்கிளைத் திருப்பினார். அணை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் ஓவென்று அழுதேன்.

"டிக்கெட் ஏறிடுச்சு பாப்பா" என்றார்.

கச்சிராயபாளையம் கடைத்தெரு வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

இப்போது அதே புளியமரம் வந்தது. என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

"யாருமே இல்லையேம்மா" என்றான் மகன்.

"இருடா, பாத்துட்டுப் போலாம்."